பாலூட்டும் தாய் மலமிளக்கி எடுக்கலாமா? மருந்து பாலை எட்டும் பாதையும் எட்டாத காரணமும்

பிரசவம் முடிந்து மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ, தையல் போட்ட இடம் இன்னும் ஆறாத நிலையில், மலம் கழிக்கப் போகவே அஞ்சும் தாய்மார்கள் ஏராளம். அடக்கினால் மலம் இறுகுகிறது. இறுகினால் வலி கூடுகிறது. வலி கூடினால் மறுபடியும் அடக்கத் தோன்றுகிறது. இந்தச் சுழலை உடைக்கத்தான் மருத்துவர் மலமிளக்கி எழுதித் தருகிறார். ஆனால் மருந்துப் பெட்டியைப் பிரித்தால், உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் பாலூட்டுவோர் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம் என்றோ, பாலூட்டும் காலத்தில் இதன் பாதுகாப்பு உறுதி செய்யப்படவில்லை என்றோ ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்தவர்களில் சிலர் மருந்தைத் தொடாமலே வைத்துவிடுகிறார்கள். சிலர் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மூன்று நாளைக்குப் பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறார்கள்.

பெரும்பாலான மலமிளக்கிகளைப் பொறுத்தவரை இந்த இரண்டும் தேவையற்றவை. எனினும் மலமிளக்கி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒருசில உண்மையிலேயே தவிர்க்கப்பட வேண்டியவை. எனவே இந்த மருந்து தாயின் ரத்தத்துக்குள் எவ்வளவு நுழைகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ரத்தத்துக்குள் போகாத எதுவும் பாலுக்குள் போக முடியாது.

பிரசவத்துக்குப் பின் மலம் ஏன் இறுகுகிறது?

காரணம் தெரிந்தால் சில வேளைகளில் மலமிளக்கியே தேவைப்படாது. பொதுவாகக் காணப்படுபவை இவை:

1. கர்ப்ப காலத்தில் குடலின் அசைவை மெதுவாக்கிய ஹார்மோன்களின் தாக்கமும், பிரசவத்தை ஒட்டி உணவும் நடமாட்டமும் குறைந்துபோவதும்.

2. பிறப்புறுப்புப் பகுதியில் ஏற்பட்ட கிழிசல், தையல், மூலம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவற்றால் வரும் வலியும் அந்த வலி மீதான அச்சமும்.

3. ரத்தசோகைக்காகத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைகள். இவை மலத்தைக் கறுப்பாக்குவதோடு பலருக்கு இறுகவும் செய்கின்றன. மாத்திரையின் அளவையோ இடைவெளியையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது, இன்னொரு மருந்தைச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

4. சிசேரியனுக்குப் பிறகு தரப்படும் ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள்.

நான்காவது காரணத்தில் சற்று நிற்க வேண்டும். கோடீன், டிரமடால் ஆகிய இரண்டும் மலச்சிக்கலை உண்டாக்குபவை. அதைவிட முக்கியமாக, பாலூட்டும் தாய்க்கு இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்திருக்கிறது. சில பெண்களின் கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபீனாக மாற்றிவிடுகிறது. அந்த மார்ஃபீன் பால்வழி குழந்தையை அடைந்து, மிகையான தூக்கத்தையும் மூச்சுத் தளர்வையும் உண்டாக்கக்கூடும். ஆகவே கோடீன் எடுத்துக்கொண்டிருக்கும் தாய், அதனால் வந்த மலச்சிக்கலுக்கு மலமிளக்கி எடுக்கலாமா என்று கவலைப்படும்போது, கவலைப்பட வேண்டிய மருந்து மலமிளக்கி அல்ல, அதற்கு முன்பே உட்கொண்ட வலிநிவாரணிதான்.

வாயிலிருந்து பால் வரை: மருந்து கடக்க வேண்டிய வாசல்கள்

வயிற்றுக்குள் போன மருந்து உடலுக்குள் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். உடலியலின்படி அது முழுவதும் சரியல்ல. வாய் முதல் ஆசனவாய் வரை நீளும் உணவுப்பாதை, உடலின் நடுவே ஓடும் ஒரு குழாய். குடல் சுவரைக் கடந்து ரத்தத்தில் கலக்காத வரையில், அந்தக் குழாய்க்குள் இருக்கும் பொருள் உடலுக்கு வெளியே இருப்பதாகவே கொள்ள வேண்டும். தாய் விழுங்கிய மருந்து குழந்தையைப் பாதிக்க வேண்டுமானால், வரிசையாக நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும்.

1. தாயின் குடல் சுவரைக் கடந்து ரத்தத்தில் சேர வேண்டும்.

2. கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றுவதற்குள், போதிய அளவில் ரத்தத்தில் நிலைக்க வேண்டும்.

3. பால் சுரக்கும் செல்களைத் தாண்ட வேண்டும். சிறிய மூலக்கூறுகள் எளிதில் தாண்டும்; பெரியவை திணறும். மூலக்கூறு எடை 1000 அளவை நெருங்கினாலே கடப்பது அரிது. ரத்தப் புரதங்களோடு இறுகப் பிணைந்துகொள்ளும் மருந்துகளும் பாலுக்குள் அதிகம் வருவதில்லை.

4. பாலோடு குழந்தையின் வயிற்றுக்குள் போன பிறகு, அங்கேயும் குடலைக் கடந்து உறிஞ்சப்பட வேண்டும், அல்லது குடலிலேயே வேலை செய்யும் அளவுக்குச் செறிவாக இருக்க வேண்டும்.

பிரசவமான முதல் சில நாள்களில் பால் சுரக்கும் செல்களுக்கிடையே இடைவெளிகள் இருப்பதால், மருந்துகள் அப்போது சற்று எளிதாகப் புகுகின்றன. ஆனால் அந்த நாள்களில் சுரப்பது சீம்பால். அதன் அளவு மிகக் குறைவு. செறிவு கூடினாலும் குழந்தைக்குப் போய்ச் சேரும் மொத்த மருந்து சொற்பமாகவே இருக்கும்.

இந்தப் பாதையை அளக்க, குழந்தைக்குச் சேரும் ஒப்பீட்டு அளவு என்ற கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். தாய் தன் உடல் எடையில் கிலோவுக்கு எவ்வளவு மருந்து எடுத்தார், அதில் எத்தனை விழுக்காடு குழந்தையின் உடல் எடையில் கிலோவுக்குப் போய்ச் சேருகிறது என்பதே அது. 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மருந்துகளுக்கு அது ஏற்கத்தக்கது என்பது நடைமுறை வரம்பு. எல்லா மருந்துக்கும் பொருந்தும் சட்டமாக அதைக் கொள்ளக்கூடாது; நச்சுத்தன்மை மிகுந்த மருந்துக்கு இதைவிடக் குறைந்த அளவும் ஆபத்தாகலாம்.

குடலுக்குள்ளேயே நின்றுவிடுபவை

மலமிளக்கிகள் பலவற்றின் தனித்தன்மை, அவை முதல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன என்பது. அவை வேலை செய்ய வேண்டிய இடமே குடல்தான் என்பதால், ரத்தத்துக்குள் போக வேண்டிய தேவையும் இல்லை.

இசப்கோல் போன்ற நார்ப்பொருள்கள் குடலில் நீரை ஈர்த்து உப்பி, மலத்தின் பருமனைக் கூட்டுகின்றன. அவை உறிஞ்சப்படுவதே இல்லை. இவற்றில் குழந்தைக்கு ஆபத்து கிடையாது. தாய்க்குத்தான் ஒரு கவனம் தேவை. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் உமி தொண்டையிலோ குடலிலோ கட்டியாகி அடைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலும் தண்ணீர் குடிக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

லாக்டுலோஸ், காலக்டோஸும் பிரக்டோஸும் இணைத்துச் செய்யப்பட்ட செயற்கைச் சர்க்கரை. அந்த இணைப்பை அறுக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அதனால் அது ஏறக்குறைய முழுமையாகப் பெருங்குடலை அடைகிறது. அங்கே உள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலங்களாகச் சிதைக்க, நீர் ஈர்க்கப்பட்டு மலம் இளகுகிறது. உறிஞ்சப்படும் பங்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. வாயுவும் வயிற்று உப்புசமும் இதன் வழக்கமான தொல்லைகள். பலன் வர 48 மணி நேரம் வரை ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முதல் நாளே ஒன்றும் நடக்கவில்லை என்று அளவை இரட்டிப்பாக்குபவர்கள், மூன்றாம் நாள் பேதியில் தவிப்பதைப் பார்க்கிறோம்.

மேக்ரோகோல் என்ற பொடியை மூலக்கூறு அளவின் நியாயத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லலாம். மேக்ரோகோல் 3350 என்ற பெயரில் உள்ள எண், அதன் சராசரி மூலக்கூறு எடை. பாலுக்குள் நுழையத் திணறும் 1000 என்ற அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ரத்தத்தில் சேர்வதே மிகச் சிறிதளவு. அந்தச் சிறிதளவும் பாலைக் கடப்பது அரிது. என் கணிப்பில், பாலூட்டும் தாய்க்கு முதலில் எண்ண வேண்டியவை லாக்டுலோஸும் இதுவும்தான்.

மெக்னீசியம் ஹைட்ராக்சைடு என்ற வெள்ளைக் கரைசலில் உள்ள மெக்னீசியத்தில் ஒரு பகுதி உறிஞ்சப்படுவது உண்மை. ஆனால் மகப்பேறு வலிப்பைத் தடுக்க ரத்தநாளம் வழியாகவே மெக்னீசியம் சல்பேட் பெறும் தாய்மார்களிடம்கூட, பாலில் மெக்னீசியத்தின் அளவு சிறிதே கூடுகிறது. அப்படியிருக்க, வாய்வழி எடுப்பதால் குழந்தைக்குக் கேடு வருமென எதிர்பார்க்க இடமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ள தாய் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது தாயின் உடல்நலம் பற்றிய வேறொரு விதி.

ஆசனவாய் வழியாக வைக்கும் கிளிசரின் மருந்து அந்த இடத்திலேயே செயல்பட்டு முடிந்துவிடுவது. மலத்தை மென்மையாக்கும் டாக்குசேட் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது.

குடலைத் தூண்டுபவை: பிசாகோடில், பிகோசல்பேட்

குடலின் தசைகளைத் தூண்டி அசையச் செய்யும் மருந்துகள் மீதுதான் தாய்மார்களின் அச்சம் அதிகம். பிசாகோடில், சோடியம் பிகோசல்பேட் ஆகிய இரண்டும் வெவ்வேறு பெயரில் வந்தாலும், குடலுக்குள் ஒரே செயல்படு பொருளாக மாறுகின்றன. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பால் சுரந்துகொண்டிருந்த பெண்களுக்கு இம்மருந்துகளைத் தொடர்ந்து சில நாள்கள் கொடுத்துப் பாலைச் சோதித்தபோது, அந்தச் செயல்படு பொருள் கண்டறியும் அளவில் பாலில் இருக்கவில்லை.

பிசாகோடில் மாத்திரையின் மேற்பூச்சு, அது வயிற்றில் கரையாமல் குடலில் கரைவதற்காகப் போடப்பட்டது. மாத்திரையை உடைத்தாலும், பாலோடு அல்லது அமிலம் தணிக்கும் மருந்தோடு சேர்த்து விழுங்கினாலும் பூச்சு முன்னதாகவே கரைந்து வயிற்றுப் பிடிப்பு வரும். இரவு படுக்கும் முன் தண்ணீரோடு முழுதாக விழுங்கினால், 6 முதல் 12 மணி நேரத்தில் பலன் தெரியும்.

சென்னா: பழைய அச்சமும் அளந்து பார்த்த எண்களும்

நிலாவாரை இலையிலிருந்து வரும் சென்னாவைப் பற்றித்தான் மிகுதியான குழப்பம். தாய் சென்னா எடுத்தால் குழந்தைக்குப் பேதியாகும் என்ற கருத்து, இலையையும் காயையும் அளவு நிர்ணயிக்காமல் பயன்படுத்திய காலத்தில் பதிவான அனுபவங்களிலிருந்து வந்தது. இப்போதைய மாத்திரைகளில் சென்னோசைடு என்ற செயல்படு பொருளின் அளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

சென்னோசைடு பெருங்குடலில் பாக்டீரியாக்களால் சிதைந்து, கடைசியில் ரெயின் என்ற பொருளைத் தருகிறது. இந்த ரெயினில் ஒரு சிறு பங்கு தாயின் ரத்தத்துக்கும் பாலுக்கும் வருவது உண்மை. எவ்வளவு வருகிறது என்பதை 1988-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. பிரசவித்த 20 பெண்களுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் சென்னோசைடு வீதம் மூன்று நாள் கொடுத்து, 100 பால் மாதிரிகளைச் சோதித்தார்கள். மிக அதிகமாகக் காணப்பட்ட அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 27 நானோகிராம். 94 விழுக்காடு மாதிரிகளில் 10 நானோகிராமுக்கும் குறைவு. அந்தக் குழந்தைகள் எவருக்கும் மலம் இயல்புக்கு மாறாக இளகவில்லை.

இந்த எண்ணைக் கையில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. குழந்தை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லிலிட்டர் பால் குடிப்பதாகக் கொள்வது மருந்தியல் வழக்கம். 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 750 மில்லிலிட்டர்.

2. அத்தனை பாலிலும் மிக உயர்ந்த அளவான 27 நானோகிராமே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு நாளில் குழந்தைக்குச் சேரும் ரெயின் ஏறத்தாழ 20,000 நானோகிராம், அதாவது 0.02 மில்லிகிராம்.

3. கிலோவுக்கு என்று பார்த்தால் 0.004 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள தாய் எடுத்தது கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். ஆக, ஒப்பீட்டு அளவு 1.6 விழுக்காடு.

சென்னோசைடும் ரெயினும் ஒரே பொருள் அல்ல என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆயினும் மிக மோசமான நிலையைக் கொண்டு கணக்கிட்டும் 10 விழுக்காட்டு வரம்பின் அருகில்கூட வரவில்லை. சென்னா கைவிடப்பட வேண்டிய மருந்து அல்ல. நார்ப்பொருளும் லாக்டுலோஸும் மேக்ரோகோலும் போதாதபோது, சில நாள்களுக்கு, பெட்டியில் சொன்ன அளவில் எடுக்கலாம். வயிற்றுப் பிடிப்பு தாய்க்கு வரலாம். அதைக் காரணம் காட்டி வேறு மருந்துக்கு மாறுவது நியாயமே.

இதே எண்கள் இன்னொரு தவறான நம்பிக்கைக்கும் பதில் சொல்கின்றன. குழந்தைக்கு மலம் போகவில்லை என்றால் தாய் மலமிளக்கி சாப்பிட்டால் போதும் என்று சிலர் செய்கிறார்கள். பாலில் வரும் அளவு குழந்தையின் குடலை அசைக்கப் போதாது. தாய்க்குப் பேதியாகி நீர் வற்றுவதுதான் மிஞ்சும்.

தவிர்க்க வேண்டியவை

- விளக்கெண்ணெய். குடலில் இது வலுவான தூண்டுபொருளாக மாறி, கடும் பிடிப்பையும் பேதியையும் உண்டாக்கக்கூடும். பாலில் எவ்வளவு வருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த அளவீடு இல்லாத நிலையில், பாதுகாப்பான மாற்றுகள் இத்தனை இருக்கும்போது, இதை நாடக் காரணமில்லை.

- கற்றாழையின் தோலடியில் ஊறும் மஞ்சள் பால், காஸ்கரா பட்டை போன்றவை. சென்னாவின் உறவுக்காரப் பொருள்கள்தான் இவை. ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறுபடும்.

- திரவ பாரஃபின் எண்ணெயின் தொடர் பயன்பாடு. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உறிஞ்சவிடாமல் இது தடுக்கிறது. பாலூட்டும் தாய்க்கு இது இரட்டை இழப்பு.

- புருகலோபிரைட். இது ரத்தத்தில் நன்கு கலந்து வேலை செய்யும் மருந்து, பாலிலும் வருகிறது. பாலூட்டும்போது வேண்டாம் என்றே தயாரிப்புத் தகவலும் சொல்கிறது.

- உடல் மெலிய என்று விற்கப்படும் மூலிகைத் தேநீர்களும் பொடிகளும். இவற்றில் பலவற்றில் சென்னா சேர்ந்திருக்கிறது. எவ்வளவு என்று உறையில் சொல்லப்படுவதில்லை. மலமிளக்கியால் குறைவது நீரின் எடைதான். உணவின் கலோரி பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மலமிளக்கி வேலை செய்வதோ அதற்கு அடுத்த பெருங்குடலில். பிரசவ எடையைக் குறைக்க இந்த வழியைத் தொடங்கியவர்கள், நிறுத்த முடியாமல் தவிக்கும்போது, மருத்துவரிடம் வெட்கமின்றிச் சொல்ல வேண்டும். இது உதவி தேவைப்படும் நிலை, குற்றம் அல்ல.

பெட்டிக்குள் இருக்கும் தாள் ஏன் வேறு பேசுகிறது?

புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் பாலூட்டும் பெண்கள் வழக்கமாகச் சேர்க்கப்படுவதில்லை. எனவே தயாரிப்பாளரிடம் தன் மருந்து பற்றி நேரடித் தரவு இருக்காது. தரவு இல்லாத இடத்தில் சட்டப் பொறுப்பைக் கருதிப் பொதுவான எச்சரிக்கையை அச்சிடுகிறார். ஆனால் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்பதும் ஆபத்து நிறுவப்பட்டது என்பதும் வெவ்வேறு செய்திகள். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொனியில் எழுதப்படுகின்றன. படிப்பவர் அஞ்சுவதில் வியப்பில்லை. அமெரிக்காவில் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று இருந்த எழுத்து வகைப்பாட்டை இதற்கு மேற்கோள் காட்டுவோரும் உண்டு. அது கர்ப்ப காலத்துக்கானது, பாலூட்டும் காலத்துக்கானது அல்ல. 2015 முதல் அந்த முறையும் கைவிடப்பட்டு, தாய்ப்பால் பற்றிய தரவை விளக்கமாக எழுதும் முறை வந்துவிட்டது. மருந்தும் தாய்ப்பாலும் பற்றிய அளவீடுகளைத் திரட்டித் தரும் லாக்ட்மெட் என்ற இலவச அமெரிக்கத் தரவுத்தளத்தைப் பார்க்கும்படி மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்கலாம்.

எடுக்காமல் இருப்பதும் ஆபத்தற்ற தேர்வு அல்ல. பிரசவத்தில் ஆசனவாய்ச் சுருக்குத்தசை வரை கிழிந்து தைக்கப்பட்ட பெண்களுக்கு, இறுகிய மலம் தையலைப் பிரித்துவிடலாம் என்பதால், மலமிளக்கி தரப்பட வேண்டும் என்றே பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் வழிகாட்டுதல் சொல்கிறது. மலத்தின் பருமனைக் கூட்டும் நார்ப்பொருளை மலமிளக்கியோடு வழக்கமாகச் சேர்த்துத் தர வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. அத்தகைய காயம் உள்ளவர் தாமாகவே இசப்கோல் வாங்கிச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

குழந்தையின் மலத்தைப் பார்த்து முடிவு செய்வது

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சிளங்குழந்தையின் மலம் இயல்பாகவே மஞ்சளாக, இளகி, சிறு விதைகள் கலந்தது போல இருக்கும். ஒவ்வொரு முறை பால் குடித்த பின்னும் போகலாம். தாய் மருந்தெடுத்த மறுநாள் இதைக் கவனிப்பவர், மருந்தால்தான் பேதியாகிறது என்று எண்ணிவிடுகிறார். ஆறு வாரம் தாண்டிய பின் அதே குழந்தை சில நாளுக்கு ஒருமுறை மட்டும் போனாலும், மலம் மென்மையாக இருந்தால் அது மலச்சிக்கல் அல்ல.

கவனிக்க வேண்டியவை வேறு: வழக்கத்தைவிடத் திடீரென நீராகவும் அடிக்கடியும் போவது, மலத்தில் ரத்தம், நாளொன்றுக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போவது, உச்சிக்குழி உள்வாங்குவது, பால் குடிக்க மனமின்றிச் சோர்ந்து கிடப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் தாயின் மருந்தைக் காரணமாக்கிக் காத்திருக்கக் கூடாது. தொற்று உள்ளிட்ட வேறு காரணங்களே அதிகம் என்பதால் குழந்தையை அன்றே காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு உள்ள குழந்தைக்கும் மேலே சொன்ன கணக்குகள் அப்படியே பொருந்தா. அவர்களின் தாய்மார் எந்த மருந்தையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லித் தொடங்குவது முறை.

தாய் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகள்

1. சிசேரியனுக்குப் பின் வயிறு பறைபோல் உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தியும் இருந்தால், மலமிளக்கி எதையும் விழுங்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடல் அசைவற்றுப் போயிருக்கலாம் அல்லது அடைத்திருக்கலாம்; அந்த நிலையில் குடலைத் தூண்டும் மருந்து கேடு செய்யும்.

2. மலத்தோடு மிகுதியாக ரத்தம் போவது, காய்ச்சல், தையல் இடத்தில் சீழ் அல்லது கூடிக்கொண்டே போகும் வலி.

3. மலத்தையோ வாயுவையோ கட்டுப்படுத்த முடியாமை. சுருக்குத்தசைக் காயம் கவனிக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைப்பவர்கள் உண்டு. சீக்கிரம் சொன்னால் சிகிச்சைக்கு வழி இருக்கிறது.

4. சரியான அளவில் ஒரு வாரம் எடுத்தும் பலன் இல்லாமை, அல்லது மலமிளக்கி இன்றி மலமே போகாத நிலை பல வாரங்கள் நீடிப்பது.

5. மருந்தால் பேதியாகி, நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, தலை சுற்றுவது. பாலூட்டும் காலத்தில் மலமிளக்கியால் பால் குறைய வாய்ப்புள்ள நிலை இந்த ஒன்றுதான்: மருந்து நேரடியாகப் பாலை வற்றச் செய்வதில்லை, தாயின் உடலில் நீர் வற்றும்போது சுரப்பும் குறையலாம். மருந்தை நிறுத்தி, உப்பு-சர்க்கரைக் கரைசல் குடித்து, குழந்தைக்குத் தொடர்ந்து பாலூட்டியபடியே மருத்துவரை அணுக வேண்டும்.